மலேசியாவுக்கு அம்மா வைத்த கைநாட்டு

முப்பத்தொரு வயதில் என்னை நானே ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொண்டால் சிரிப்பீர்கள். ஆனால் சால்வை போர்த்தி, கையில் தேங்காய் கொடுத்து, குழுப் புகைப்படமும் எடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு வேறு என்ன பெயர் வைப்பது? புனேயில் ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவில் ஒப்பந்த ஊழியனாக ஆறு ஆண்டுகள் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். இப்போது அந்த வேலையை வெளிக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். பலகையையும் மாற்றிவிட்டார்களாம். 'வெளிநாட்டு' போய் 'குளோபல்' வந்திருக்கிறது.

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பெயர் பூஜா. சில நாட்களுக்கு முன் போன் செய்து மராத்தியில் கேட்டாள்: "சார், இந்த ஃபாரின் பசங்க பேரெல்லாம் வாயில நுழைய மாட்டேங்குது. நீங்க எப்படிக் கூப்பிட்டீங்க?"

"அவங்களையே சொல்லச் சொல்லு. அதே மாதிரி ரெண்டு தடவை சொல்லிப் பாரு. தப்பா வந்தாலும் பரவாயில்ல, பேரைத்தான் சொல்லணும்" என்றேன்.

அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு தாபோடியில், ராணுவப் பொறியியல் கல்லூரியின் மதிலை ஒட்டிய ஒரு சந்தில், இங்கே கல்லி என்பார்கள். தாத்தா சேலம் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்து வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்தார். அப்பாவும் அங்கேதான், பெட்டி தூக்கும் வேலை. வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். தமிழில் ஏழாவது வரை, பிறகு மராத்தி, பிறகு ஆங்கிலத்தில் பி.காம். ஒவ்வொரு மொழியிலும் தடுக்கி விழுந்து எழுந்து போனேன். அந்தப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. படிக்க ஆசைப்பட்டு நுழைவுத் தேர்வு எழுதினேன். காத்திருப்போர் வரிசையோடு நின்றுபோயிற்று. அடுத்த ஆண்டு அதே வளாகத்தில் கவுண்டர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். போய்ச் சேர்ந்துகொண்டேன்.

அதனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த மாணவர்கள் மேல் எனக்குப் பொறாமை இருந்தது. வெளிநாட்டு மாணவர்களுக்கான இடங்கள் தனி. எங்களுக்கு உரிய இடத்தில் ஒன்றைக்கூட அவர்கள் எடுப்பதில்லை, கணக்குக்கு மேலாகச் சேர்ப்பது. இந்த விதியை எத்தனையோ பெற்றோருக்கு நானே விளக்கியிருக்கிறேன். விளக்கிவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். வெந்நீர்க் குழாய் வைத்த தனி விடுதி, தனி மெஸ், வந்து இறங்கியதும் ஊர் சுற்றிக் காட்ட ஏசி பஸ். விதி புரிந்த அளவுக்கு மனசுக்குப் புரியவில்லை.

முதல் ஆண்டு வரவேற்பு விழாவில் நாட்டுக் கொடிகளை மேடைக்குச் சுமந்துபோய் நட்டது நான். ஒவ்வொரு கொடிக்கும் கீழே ஒரு பையனோ பெண்ணோ நின்றார்கள். கழுத்தில் சாமந்தி மாலை. என்னைவிட ஐந்தாறு வயது சிறியவர்கள். கொடிக்கம்பம் ஒன்று சாய்ந்தது. "அண்ணா, யேமனைப் பிடி" என்று கீழிருந்து குரல் வந்தது. யேமனை விழாமல் பிடித்துக்கொண்டு விழா முடியும் வரை நின்றேன். புகைப்படத்தில் என் கை மட்டும் தெரிகிறது.

அந்தக் குரல் தேஷ்பாண்டே மேடத்துடையது. எங்கள் பிரிவின் தலைவர். பருத்திப் புடவை கட்டி, கீழே ஓட்டப் பந்தயக்காரர்கள் போடும் ஷூ போட்டிருப்பார். முழங்கால் வலி. குரலை உயர்த்த மாட்டார். ஒருவருக்கு முடியாது என்று சொல்லப் போகிறார் என்றால் அதற்கு முன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். கண்ணாடி மேஜைக்கு வந்ததும் பழைய மாணவர்கள் எழுந்து போய்விடுவார்கள். புதியவர்கள் உட்கார்ந்து கெஞ்சுவார்கள்.

ஒரு விஷயத்தை விசாரிக்க அவர் வைத்திருந்த முறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்பார். முதல் தடவை பதில் வந்ததும் தேநீர் வரவழைப்பார். குடிக்கும் வரை மழையைப் பற்றி, கிரிக்கெட்டைப் பற்றி, அவர்கள் ஊரில் அரிசியா ரொட்டியா என்பதைப் பற்றி. கோப்பை காலியானதும் மறுபடி முதல் கேள்வி. "பயந்த வாய் ஒண்ணு சொல்லும், டீ குடிச்ச வாய் ஒண்ணு சொல்லும். ரெண்டும் ஒத்துப்போனா நம்பு" என்று எனக்குச் சொல்லித் தந்தார். நான் சேர்ந்த பிறகு அந்த முறையில் தப்பித்த பொய் ஒன்றையும் பார்க்கவில்லை.

ஆனால் பெயர் என்று வந்தால் அவருக்கும் நாடுதான். "நேபாளை உள்ளே அனுப்பு." "டான்சானியா இன்னும் போட்டோ தரல." "ஆப்கானிஸ்தானுக்குக் காய்ச்சலாம், ஹாஸ்டல்ல கேளு." எனக்கு அண்ணா. புனேயில் தெற்கத்திக்காரன் யாராக இருந்தாலும் அண்ணாதான், இட்லிக் கடைக்காரரும் அண்ணா, நானும் அண்ணா. அவர்கள் உள்ளே நுழைந்தால் ஒரு தேசம் நுழைகிறது. நான் நுழைந்தால் ஒரு இட்லிக் கடை நுழைகிறது. இதையும் பொறாமைக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டேன்.

வாசல் காவலர்கள் இன்னும் எளிமையாக்கியிருந்தார்கள். கறுத்த மாணவர் எல்லாரும் நைஜீரியா. கண் சிறுத்தவர் எல்லாரும் சைனா. மிசோரமிலிருந்து வந்த ஒரு பெண்ணைக் காவலர் மூன்று தடவை எங்கள் கவுண்டருக்கு அனுப்பிவிட்டார். மூன்றாம் தடவை அவள் ஆதார் அட்டையைக் கண்ணாடியில் ஒட்டவைத்தாற்போல் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் ஃபாரினர் இல்ல. ஆனா அவர் நம்ப மாட்டேங்கறாரு. நீங்களே ஒரு சர்டிபிகேட் கொடுத்துடுங்க, இந்தப் பொண்ணு வெளிநாடு இல்லன்னு" என்றாள். அப்படி ஒரு சான்றிதழ் எங்களிடம் இல்லை. வெளிநாட்டவர் என்பதற்குத்தான் சான்றிதழ்கள் இருந்தன. நான் அவளோடு வாசல் வரை நடந்துபோய்க் காவலரிடம் சொல்லிவிட்டு வந்தேன். "ஹோ க்யா?" என்று, அப்படியா என்பதுபோல், அவர் தலையைச் சொறிந்தார்.

இனி கவியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

"மலேசியா வந்திருக்கு, பேப்பர் வாங்கிக்கோ" என்றார் மேடம். பாஸ்போர்ட்டில் கவியரசன் என்றிருந்தது. அப்பா பெயர் முனியாண்டி. ஊர் ஈப்போ. என்னைப் போலவே கறுப்பு, என்னைவிட ஒரு முழம் உயரம், வெள்ளை வெளேரென்ற ஷூ. ஆங்கிலத்தில் கேட்டேன், ஆங்கிலத்தில் சொன்னான். நடுவில் அம்மா போனில் கூப்பிட்டாள். வரும்போது தயிர் வாங்கி வரச் சொன்னாள். சரிம்மா என்று வைத்தேன்.

அவன் கவுண்டர் துவாரத்தில் முகத்தை நுழைத்துவிட்டான். "அண்ணே, தமிழா? இவ்வளவு நேரம் இங்கிலீஷ்ல என்னை வாட்டிட்டீங்களே லா." அந்த 'லா' மலேசியப் பேச்சு வழக்கு.

அவன் கொள்ளுத்தாத்தாவும் சேலம் பக்கத்து ஆள்தான். ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கக் கப்பலேறினார். கப்பலேறியவரின் கொள்ளுப்பேரன் சர்வதேச மாணவன், கழுத்தில் மாலை. ரயிலேறியவரின் பேரன் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன். அன்றைக்கு முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். போதாததற்கு, அவன் வீட்டிலும் அவன்தான் முதலில் படித்தவனாம். அம்மா பள்ளிக்கூடக் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறாராம். அந்த ஒரு பெருமையாவது எனக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். அதிலும் பங்குக்கு வந்துவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அவனே கேட்டான், மறுக்க முடியவில்லை.

"எந்த ஊருப்பா?" என்றாள் அம்மா.

"ஈப்போங்கம்மா."

"அது எங்க இருக்குது, திருச்சி தாண்டியா?"

"இல்லம்மா, மலேசியா."

"சரி சரி. அங்கயும் நம்ம ஆளுங்கதானே. உக்காரு, சோறு போடறேன்."

"நீங்க பசியாறிட்டீங்களாம்மா?" என்று கேட்டான் அவன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் நீ ஒரு நாள் கேட்டிருக்கிறாயா என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் கவி என்று ஆயிற்று. அவன் வராத வாரம் குழம்பில் உப்பு சரியாக இருக்காது.

அப்பா வீட்டில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசாதவர். அவனிடம் பேசினார். வேலையில் சேர்ந்த புதிதில் எப்படி நடுங்கினார் என்று, எந்த ஷெட்டில் செருப்போடு நுழையக் கூடாது என்று. ஒரு நாள் நான் உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது சொல்வது கேட்டது: "இவன் ஒண்ணாவது சேந்தப்ப ரிப்போர்ட்டுல அப்பன் கையெழுத்து கேட்டாங்க. எனக்குக் கைநாட்டுதான். புள்ளைக்கு வெக்கமா இருக்குமேன்னு ஷெட்டுல ஒரு மராட்டிக்காரர்கிட்ட மாரியப்பன்னு எழுதக் கத்துக்கினேன். சாக்பீஸ்ல, பெட்டி மேல."

நான் சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி நின்றேன். எனக்காக நடந்தது, எனக்குத் தெரியாது. ஈப்போக்காரனுக்குத் தெரிகிறது. அவன் கேட்டான், அதனால் சொன்னார். நான் கேட்டதில்லை. இந்த வீட்டிலேயே பிறந்தவனுக்குக் கேட்கத் தோன்றுமா?

அவன் கடைசி ஆண்டில், சேர்க்கை முகாமுக்காக என்னை நாக்பூருக்கு அனுப்பினார்கள். போய்ப் பத்துப் பதினைந்து நாள் இருந்தேன். திரும்பி வந்தபோது என் கட்டிலில் கவி படுத்திருந்தான். என் போர்வை. கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள், தோலோடு நாரும் போகும்படி, சுளை சுளையாக.

"காமாலைடா. ஹாஸ்டல்ல எண்ணெயும் மசாலாவும் போட்டுக் கொல்றானுங்க. பாவம், எனக்குத்தான் போன் பண்ணுச்சு புள்ள. உங்கப்பாதான் ரிக்‌ஷா வெச்சுக் கூட்டியாந்தாரு."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீ வேலையில இருக்கற. சொன்னா என்ன பண்ணுவ, அங்கிருந்தே மருந்து அரைப்பியா?"

அதுவரை எரிச்சல் கட்டிலைப் பற்றித்தான். அதற்குப் பிறகு அம்மா சாதாரணமாக ஒன்றைச் சொன்னாள்: "போலீஸ்காரன் ஒருத்தன் வந்தான். அனுப்பி வெச்சுட்டேன்."

இங்கே ஒரு நடைமுறையை விளக்க வேண்டும். வெளிநாட்டுக் குடிமகன் ஒருவர் எங்கே தங்கினாலும், அது ஹோட்டலோ, விடுதியோ, தெரிந்தவர் வீடோ, தங்கவைப்பவர் ஒரு நாளைக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கான படிவத்துக்கு சி ஃபார்ம் என்று பெயர். ஒவ்வொரு ஆண்டும் புதிய மாணவர்களுக்கு முன்னால் மைக்கில் இதைச் சொல்வதே நான்தான். நான் மைக்கில் சொல்வதை என் அம்மா எங்கே கேட்டாள்? அதுவும் எங்கள் வீடு ராணுவக் கல்லூரி மதிலை ஒட்டி. புது முகம் தெரிந்தால் கேள்வி வரும் இடம்.

"என்ன சொல்லி அனுப்பினம்மா?"

"கல்லியில எவனோ போட்டுக் கொடுத்திருக்கான், மாரியப்பன் வீட்டுல ஒரு நைஜீரியாக்காரன் இருக்கான்னு. இது போன்ல இங்கிலீஷ் பேசுச்சாம், கறுப்பா இருக்குதாம். நான் கேட்டேன், ஏன், என் புள்ள மட்டும் செவப்பான்னு. அவன் சிரிச்சுட்டு, 'மாவ்ஷி, யார் இது?'ன்னான். பஹிணீச்சா முல்கான்னு சொல்லிட்டேன்."

மராத்தியில் மாவ்ஷி என்றால் சித்தி; பஹிணீச்சா முல்கா என்றால் கூடப்பிறந்தவளின் மகன்.

"உனக்குத்தான் அக்கா தங்கச்சியே கிடையாதே?"

"அது அவனுக்குத் தெரியுமா? ஆதார் கேட்டான். சேலத்துல இருக்குது, வரவழைக்கிறேன்னேன். எழுதிக்கிட்டுப் போயிட்டான். மறுபடி வருவானாம்."

கட்டிலில் கவி எழுந்து உட்கார்ந்தான். அந்த நேரம் காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தானாம். அவனுக்கும் இப்போதுதான் தெரிகிறது. அவன் தங்கும் அனுமதி அந்த மாதக் கடைசியில் முடிகிறது. நீட்டிக்க விண்ணப்பம் போட வேண்டும். ஒரு காவல் நிலையத்தில் அவன் சேலத்துக் கவி. வெளிநாட்டவர் பதிவைப் பார்க்கும் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் ஈப்போ கவியரசன். இரண்டும் ஒருவனே என்று தெரிய வரும்போது, சட்டத்தை ஏமாற்றி ராணுவ மதில் ஓரம் ஒளிந்திருந்தவன் என்று ஆகிவிடும். கடைசி செமஸ்டர் எழுதாமல் நாட்டை விட்டுப் போகச் சொல்லலாம். இதை மெதுவாக அம்மாவுக்குச் சொன்னேன்.

"எவன் வெளிநாட்டுக்காரன்? இவனா?" என்றாள் அம்மா. "தமிழ் பேசறான். மாரியம்மனைக் கும்பிடறான். ரசம் கேட்டு வாங்கிக் குடிக்கறான். இவன் எப்படிடா வெளிநாடு?"

மறுநாள் நானே மேடத்திடம் போய் முழுவதையும் சொன்னேன். மேடம் ஒன்றும் கேட்கவில்லை. "உன் அம்மாவைக் கூட்டிட்டு வா. மலேசியாவையும்" என்றார்.

அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். பல்கலைக்கழகம் என்றால் அப்படித்தான் வர வேண்டும் என்று அவளாக முடிவு செய்திருந்தாள். நான் ஆறு ஆண்டு வேலை பார்த்த இடத்தை அவள் பார்த்தது அன்று ஒரு தடவைதான், அதுவும் கவிக்காக.

மேடம் மராத்தியில் கேட்டார், அம்மா மராத்தியிலேயே சொன்னாள். இங்கே தமிழில் தருகிறேன்.

"மாவ்ஷி, இந்தப் பையன் உங்களுக்கு யாரு?"

"என் பையன் மாதிரி."

தேநீர் வந்தது. அம்மாவின் புடவை எந்த ஊர் நெசவு என்று மேடம் கேட்டார். சேலம் என்று அம்மா சொன்னாள். முழங்கால் வலிக்கு அம்மா ஒரு எண்ணெய் சொன்னாள், மேடம் உண்மையாகவே எழுதிக்கொண்டார். கோப்பைகள் காலியாயின.

"இந்தப் பையன் உங்களுக்கு யாரு?"

"என் பையன் மாதிரி."

மேடம் என் பக்கம் திரும்பினார். "பொய் இல்ல. ஆனா இது பதில் இல்ல." பிறகு அம்மா சொல்வதாகப் போலீசுக்கு ஒரு கடிதத்தை அவரே தட்டச்சு செய்தார். இந்த மாதிரிக் கடிதங்களை அவர் வேறு யாரையும் எழுத விட மாட்டார். மன்னிக்க வேண்டுகிறேன், அறியாமையால், தயவுகூர்ந்து என்ற சொற்கள் அதில் வராது. நடந்தது மட்டும், நடந்த வரிசையில். "கெஞ்சற கடிதத்தைப் படிக்கறவன் குற்றத்தைத் தேடுவான். நேரா எழுதினா அடுத்த ஃபைலுக்குப் போயிடுவான்" என்பார். அச்செடுத்து என்னிடம் நீட்டினார். "அம்மாவுக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டு. ஒரு வார்த்தையும் விடாம."

படித்தேன். கவியரசன் என்ற மலேசியக் குடிமகன் நோய்வாய்ப்பட்டு என் வீட்டில் தங்கினார். தெரிவிக்க வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியாது. விசாரிக்க வந்த காவலரிடம் என் சகோதரியின் மகன் என்று சொன்னேன். அது உண்மையல்ல. அவர் வெளிநாட்டவர். அவருக்கும் எனக்கும் உறவு ஏதும் இல்லை.

கடைசி வரியைப் படிக்கும்போது என் குரல் கொஞ்சம் தெளிவாகவே வந்தது. அதைத் தாளில் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

"அதை எடுத்துடச் சொல்லு" என்றாள் அம்மா.

"எதை?"

"கடைசியா படிச்சியே, அதை."

மேடம் மறுத்தார். உறவு இல்லை என்று இருந்தால்தான், சொன்ன பொய் வெறும் வாய்ப்பேச்சு என்று ஆகும். இல்லாவிட்டால் சேலத்துக் கவி என்று வேறு ஒருவன் இருப்பதாகத் தேடுவார்கள்.

அம்மா விடவில்லை. "மேடம், அந்தப் போலீஸ்காரன் என்னை மாவ்ஷின்னுதான் கூப்பிட்டான். நீங்களும் இப்ப மாவ்ஷின்னுதான் கூப்பிடறீங்க. காய்கறிக்காரி மாவ்ஷி, பால்காரி மாவ்ஷி. ஊரே என்னைச் சித்தின்னு கூப்பிடலாம். நான் ஒரு புள்ளையை அக்கா மகன்னு சொன்னா மட்டும் கேஸா?"

மேடத்தின் கண்ணாடி மேஜைக்கு வந்தது. நான் கவியைப் பார்த்தேன். அவனுக்கும் அந்தக் கண்ணாடி தெரியும்.

"மாவ்ஷி, நாங்க கூப்பிடறதை யாரும் எழுதிக் கையெழுத்துப் போடல" என்றார் மேடம். அதே தாழ்ந்த குரல். "நீங்க சொன்னதை அந்தப் போலீஸ்காரர் எழுதிட்டாரு. எழுதினதை எழுத்தாலதான் அழிக்க முடியும். இவன் பரீட்சை எழுதணுமா, வேண்டாமா?"

கவிதான் பேசினான். "வைங்கம்மா. வெறும் பேப்பர் லா. நான் யாருன்னு எனக்குத் தெரியும்."

மைப்பெட்டியை நான்தான் எடுத்து வைத்தேன். அம்மா கட்டைவிரலை அழுத்தினாள். துணி கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை. பட்டுப்புடவையில் துடைத்துக்கொண்டாள்.

பிறகு நடந்தது வழக்கமான வேலை. தாமதமாக சி ஃபார்ம் போட்டோம், கடிதத்தை இணைத்தோம். காவல் நிலையத்தில் அந்தப் போலீஸ்காரர் தன் குறிப்பை அடித்துவிட்டு, "மாவ்ஷி என்னையே ஏமாத்திட்டாங்களே" என்று சிரித்தார். கமிஷனர் அலுவலகத்தில் அபராதம் போட்டுவிட்டு அனுமதியை நீட்டித்தார்கள். கவி பரீட்சை எழுதலாம் என்று ஆயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டப்பா பேடாவோடு வந்தான். அம்மா வாசலிலேயே, "வாங்க தம்பி, உள்ள வாங்க" என்றாள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்திருந்தது. எப்போதும் தரையில் சப்பணம் போட்டு உட்காருகிறவன், கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் டிவியைப் போட்டார்.

அவனுக்கு முதலில் பரிமாறினாள். தனி ஸ்டூலில், வீட்டில் யாரும் தொடாத புதுத் தட்டில். சோறு போதுமா என்று ஒரு தடவை கேட்டாள். வற்புறுத்துவாள் என்ற நினைப்பில் போதும் என்றான். அம்மா கரண்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு வழக்கம்போல்தான். "ஏன்டா ரசத்தை மிச்சம் வெச்சிருக்க? குடிச்சுத் தொலை. உங்கப்பன் மாதிரியே."

சாப்பிட்டு முடித்துக் கவி தட்டைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு எழுந்தான். அம்மா ஓடி வந்து வாங்கிவிட்டாள். "ஐயோ, நீங்க எதுக்கு தம்பி? உக்காருங்க. டேய், அவரு தட்டையும் சேத்துக் கழுவு."

இரண்டு தட்டோடு நான் குழாயடிக்குப் போனேன். கவி பின்னாலேயே வந்தான். "அம்மாவுக்கு என் மேல கோவமாண்ணே?"

உள்ளே பார்த்துக் கேட்டேன். அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னாள், என்னிடம்தான், ஆனால் அவனுக்கும் கேட்கும்படி.

"கோவம் என்னடா கோவம்? உறவு இல்லேன்னு கைநாட்டு வெச்சுட்டு வந்திருக்கேன். இனிமே பெத்த புள்ள மாதிரி நடத்துனா அது பொய்க் கைநாட்டு ஆயிடாதா? நாளைக்கு மறுபடி எவனாவது வந்து பாத்தா? அந்தப் புள்ள படிப்பே அதுலதானே இருக்குது."

கவி தாழ்ந்த குரலில், "அந்தப் பேப்பரைத் திரும்ப வாங்க முடியாதாண்ணே?" என்றான்.

"முடியாது. மேல போயாச்சு" என்றேன். கவுண்டரில் எல்லாருக்கும் சொல்கிற அதே பதில்.

அவன் போகவில்லை. குழாய்க்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்று, என் கையையும் அதிலிருந்த இரண்டு தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு ஆண்டுகள் கவுண்டரிலிருந்து நான் வெளிநாட்டு மாணவர்களைப் பார்த்த பார்வை அது.

ஒரு தட்டை அவனிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. இரண்டையும் நானே கழுவினேன், நிதானமாக.